மொட்டைத் தென்னையில் ஒரு குடும்பம்

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மொட்டைத் தென்னை நிற்கிறது. கஜா புயலில் நான்கு மரம் அடியோடு சாய்ந்தன. இது மட்டும் தலை பறிபோய் வெறும் தூணாக நின்றுவிட்டது. வெட்டிவிடுங்க, வெட்டிவிடுங்க என்று சொல்லாத ஆள் இல்லை. மரம் வெட்டுகிறவரைத் தேடிப் போக எனக்கு நேரம் கிடைக்காததால்தான் அது பிழைத்தது. என் பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

நேரம் எங்கே இருந்தது? கீரனூரில் ஏழேகால் பஸ்ஸைப் பிடித்தால்தான் திருச்சியில் நான் வேலை பார்க்கும் கண் ஆஸ்பத்திரிக்கு எட்டரைக்குள் போய்ச் சேர முடியும். டோக்கன் போடும் வேலை. சாயங்காலம் அதே மாதிரி நின்றுகொண்டே திரும்பி வர வேண்டும். வீட்டுக்காரர் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். பத்தொன்பது வருடம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவில் வருவார், பெட்டியைப் பிரிப்பார், கட்டுவார், போய்விடுவார். மோட்டார் ரிப்பேர், மழைக்கு ஒழுகும் மாடி, கழிவறைக்குள் வந்துவிட்ட சாரைப்பாம்பு, எல்லாவற்றுக்கும் இந்த வீட்டில் ஆம்பளை நான்தான். அதைப் பெருமையாகவும் சொல்லலாம், எரிச்சலாகவும் சொல்லலாம். அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

எறும்புக்கும் நானேதான். மகள் சின்னக் குழந்தையாக இருந்தபோது பால் வாசத்துக்குக் கட்டிலில் எறும்பு ஏறும். எறும்புப் பொடி டப்பாவை எடுத்து, கட்டில் கால் நான்கையும் சுற்றி வட்டம் போட்டுவிட்டுத்தான் படுப்பேன். அந்த வட்டத்தைத் தாண்டி எதுவும் என் பிள்ளையிடம் வராது என்று ஒரு நம்பிக்கை. டப்பா மாறியிருக்கிறது, வட்டம் போடும் பழக்கம் மாறவில்லை.

போன வருடம் அவர் ஒரேயடியாக ஊருக்கு வந்தார். வந்த இரண்டாம் மாதமே முழங்காலில் ஆபரேஷன். மூன்று மாதம் படி ஏறக்கூடாது, குத்தவைத்து உட்காரக்கூடாது, கனமான எதையும் தூக்கக்கூடாது. சும்மா இருந்து பழக்கமில்லாத மனுஷன் சும்மா உட்கார்ந்தால் என்ன ஆகும்? என் சமையலறைக்கு மேனேஜர் ஆகிவிட்டார். குக்கர் கைப்பிடி ஏன் ஆடுகிறது, பருப்பை ஏன் இரண்டு டப்பாவில் வைத்திருக்கிறாய், கேஸ் அடுப்பை ஏன் இவ்வளவு பெரிதாக எரியவிடுகிறாய். ஒருநாள் பொறுத்தேன், இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக் கொல்லையில் போட்டு, அங்கிட்டுப் போய் உட்காருங்க என்று சொல்லிவிட்டேன்.

அப்படித்தான் குருவிக்குச் சோறு வைக்கும் வேலை தொடங்கியது. மிஞ்சின சோற்றை நான் காம்பவுண்டுச் சுவரின் மேல் வைத்துவிட்டுப் போவது வழக்கம். காக்கை தின்னும், மிச்சத்தைப் பூனை தின்னும். அதைப் பார்த்துவிட்டு அவருக்கு மெக்கானிக் புத்தி வேலை செய்தது. ஒரு பெரிய கொட்டாங்கச்சியை எடுத்து, மூன்று துளை போட்டு, ஏ.சி.க்கு வாங்கி மிச்சமிருந்த செம்புக் கம்பியால் கட்டி, மொட்டைத் தென்னையில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார். சோறு, நிலக்கடலை, கனிந்துபோன வாழைப்பழம். மைனா வந்தது, தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்து சண்டை போட்டது, அணில் வந்தது. வாழைப்பழம் இருந்ததால் எறும்பு வந்தது. தென்னையின் அடியிலிருந்து கொட்டாங்கச்சி வரைக்கும் ஒரே சாரை.

அதன் பிறகுதான் மரங்கொத்தி வந்தது. தங்க நிற முதுகும் சிவப்புக் கொண்டையுமாக மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றுகொண்டு, கொட்டாங்கச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக எறும்புச் சாரையில் வாயை வைத்தது. இவர் பார்த்துப் பார்த்து வைத்த பழத்தை விட்டுவிட்டு, பழத்துக்கு வந்தவர்களைத் தின்கிற விருந்தாளி. அவருக்கு ஒரே சிரிப்பு. நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது போன் செய்து சொன்னார். அதற்கு முன்னால் வேலை நேரத்தில் அவர் எனக்குப் போன் செய்தது, சீனி டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்பதற்காக மட்டும்தான்.

ஒன்று இரண்டானது. ஆணுக்கு உச்சந்தலை முழுவதும் சிவப்பு; பெண்ணுக்கு நெற்றி கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளி, பின்பக்கம் மட்டும் சிவப்பு. இதெல்லாம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து தானாகக் கண்டுபிடித்தது. மாசி மாதத்தில் இரண்டும் சேர்ந்து தென்னையின் மேல்பாகத்தில் பொந்து போட ஆரம்பித்தன. கீழே மரத்தூள் கொட்டும். ஒரு கொத்து ஆண், ஒரு கொத்து பெண் என்று முறை வைத்து வேலை. காண்ட்ராக்டர் மேற்பார்வை பார்ப்பதுபோல இவர் கீழே உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் நான் வந்ததும், இன்றைக்கு இவ்வளவு ஆழம் போயிருக்கும் என்று கையை நீட்டிக் காட்டுவார்.

இங்கே என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெங்களூரில் வேலை பார்க்கிறாள். தினமும் ராத்திரி எட்டரைக்கு என் போனுக்குக் கூப்பிடுவாள். அப்பாவும் மகளும் பேசுவதற்குப் பத்தொன்பது வருடமாக ஒரே பாட்டுதான். சாப்பிட்டியா? சாப்பிட்டேன்ப்பா. படிக்கிறியா? படிக்கிறேன்ப்பா. சரி, அம்மாகிட்ட குடு. அவர் ஊருக்கே வந்த பிறகும் அது மாறவில்லை. நான் போனை அவரிடம் கொடுத்தால், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் துணி இல்லாமல் பிடித்த மாதிரி ஒரு நிமிஷம் வைத்திருந்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்துவிடுவார். அவளுக்கும் அப்படித்தான். என்னிடம் எரிந்து விழுவாள், கொஞ்சுவாள், சம்பளம் லேட் என்றால் அழுவாள். அப்பாவிடம் மட்டும், நல்லா இருக்கீங்களாப்பா, சரிங்கப்பா, வைக்கிறேங்கப்பா. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மரியாதை. அந்த மரியாதையைக் கேட்கும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கும். என்னிடம் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்.

மரங்கொத்தி வந்த பிறகு இவர் ஒரு வேலை செய்தார். பொந்து போடுவதைப் போனில் வீடியோ எடுத்து மகளுக்கு அனுப்பினார். அவள் உடனே கேள்வி கேட்டாள். இது ஆணா, பெண்ணா? இவர் பதில் சொன்னார். மறுநாள் இன்னொரு வீடியோ. ஒரு வாரத்தில் எட்டரை மணிப் போனில், "அப்பா பக்கத்துல இருக்காரா?" என்று அவள் கேட்க ஆரம்பித்தாள். கேட்டு, முட்டை வைத்துவிட்டதா, யார் அடைகாக்கிறார்கள் என்றெல்லாம் ஐந்து நிமிஷம் பேசுவாள். ஐந்து நிமிஷம் என்று நான் சொல்வதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அதற்கு முன்னால் ஒரு நிமிஷத்தைத் தாண்டியதில்லை.

பங்குனி வெயிலில் குஞ்சு பொரித்தது. பொந்துக்குள் கேட்கிற கீச்சொலியை வைத்து இரண்டாவது இருக்கும் என்று இவர் கணக்குப் போட்டார். ஆணும் பெண்ணும் மாறி மாறி இரை கொண்டுவந்தன. சாயங்காலம் ஆறு மணி ஆனால் பெண் எங்கேயோ பறந்து போய்விடும். ஆண் பொந்துக்குள் புகுந்து குஞ்சுகளோடு படுத்துக்கொள்ளும். நாலைந்து நாள் அதைப் பார்த்துவிட்டு ஒரு நாள், "ராத்திரிக் காவலு ஆம்பளைதான் போலருக்கு" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். எனக்கு வாயில் ஒரு வார்த்தை வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட ராத்திரிகளைப் பற்றியது. நானும் அதை முழுங்கிவிட்டு, டீ போடட்டுமா என்று கேட்டேன்.

இனி என் புத்தி கெட்ட கதை.

எறும்புச் சாரை சும்மா இருக்கவில்லை. தென்னைக்கும் வீட்டுக்கும் நடுவில் துணி காயப்போடும் கம்பி இருக்கிறது. அதன் வழியாக வந்து, சமையலறை ஜன்னலுக்குள் இறங்கி, சீனி, பால், எண்ணெய்க் கிண்ணம் என்று ஒன்றையும் விடவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை டிபன் பாக்ஸைக் கட்டப் போனால், தயிர் சாதத்தின் மேல் மிளகு தூவின மாதிரி எறும்பு. மணி ஆறே முக்கால். எனக்கு வந்த கோபத்தில் சாதத்தை அப்படியே குப்பையில் கொட்டினேன். ஜன்னலுக்கு மேல் இருந்த பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு போய், தென்னையின் அடியைச் சுற்றிக் கெட்டியாக ஒரு வட்டம் போட்டேன். மரத்தில் கை எட்டுகிற வரைக்கும் தூவினேன். இவர் உள்ளே முழங்காலுக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். சொன்னால் வாக்குவாதம் வரும், பஸ் போய்விடும். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். மரங்கொத்தி எறும்புக்குத்தான் வருகிறது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் அது ஞாபகத்துக்கே வரவில்லை. எறும்பு, பொடி, வட்டம் என்று கை தானாகப் போனது.

பதினொரு மணிக்கு டோக்கன் கவுண்டரில் கூட்டம் சற்றுக் குறைந்தபோது போனைப் பார்த்தேன். எனக்கும் மகளுக்கும் சேர்த்து வீடியோ அனுப்பியிருந்தார். தாய் மரங்கொத்தி தென்னையின் அடியில் தரையில் நின்றுகொண்டு வேகவேகமாகக் கொத்துகிறது. அதன் காலடியில் என் வெள்ளை வட்டம். இவர் குரல் பின்னாலிருந்து சந்தோஷமாகக் கேட்கிறது: "இன்னைக்கு எறும்பு கீழ கொட்டிக் கெடக்கு பாப்பா. அம்மாக்காரிக்கு அலைச்சலே இல்ல. அள்ளி அள்ளிக் கொண்டுபோயி ஊட்டுது."

வாழ்நாளில் எத்தனையோ தப்பு செய்திருக்கிறேன். தாய் கையாலேயே குஞ்சுக்கு விஷத்தை ஊட்டவைத்த பாவம் இதுவரை செய்ததில்லை. அதுவும் எந்தக் குஞ்சு? பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு அந்த மனுஷனும் என் பிள்ளையும் பேசுவதற்கென்று கிடைத்த ஒரே பேச்சு. அது செத்தால் எட்டரை மணிக்கு மறுபடியும் சாப்பிட்டியா, சாப்பிட்டேன்ப்பாதான். உடனே அவருக்குப் போன் செய்தேன்.

"என்னங்க, அந்த வெள்ளப் பொடி நான் போட்டது. எறும்புப் பொடிங்க."

அந்தப் பக்கம் நாற்காலி விழும் சத்தம் கேட்டது.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு நான் வீடு வந்து சேர இரண்டு மணி. தென்னையின் அடி கழுவிவிட்ட மாட்டுக்கொட்டில் மாதிரி சுத்தமாக இருந்தது. ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு போய் மரத்தைக் கழுவி, செத்த எறும்பையெல்லாம் விளக்குமாற்றால் கூட்டி, ஈர மண்ணைக்கூடச் சுரண்டி எடுத்து வேலியோரம் குழி வெட்டிப் புதைத்திருந்தார். குத்தவைக்கக்கூடாத காலோடு. கைலி நனைந்து, முழங்கால் வீங்கி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை திட்டவில்லை. குக்கர் கைப்பிடிக்கு அரை மணி நேரம் பேசுகிறவர். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். ஐஸை எடுத்துவந்து முழங்காலில் வைத்தேன். ஆண் இரண்டு தடவை இரையோடு வந்துபோனது. பொந்துக்குள் சத்தம் கேட்டது. பெண்ணைக் காணவில்லை.

எட்டரைக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். மகள் எடுத்த எடுப்பிலேயே, வீடியோவில் மரத்தைச் சுற்றி வெள்ளையாக இருந்ததே, அது என்ன என்று கேட்டாள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் கையை அமுக்கினார்.

"எறும்புப் பொடி பாப்பா. நான்தான் போட்டேன். யோசிக்காம செஞ்சுட்டேன்."

அவ்வளவுதான். அந்தப் பக்கம் பட்டாசு வெடித்தது. "அறிவிருக்காப்பா ஒனக்கு? எறும்பத் திங்கிற பறவைன்னு நீதானே எனக்குச் சொன்ன? நீயே வெசத்தக் கொட்டிட்டு நீயே வீடியோ எடுத்து அனுப்புறியா? அந்தக் குஞ்சுக்கு எதாவது ஆச்சுன்னா நான் ஒங்கிட்ட பேசவே மாட்டேன், பாத்துக்க." மூச்சு விடாமல் பேசினாள். கழுவிவிட்டாயா என்று கேட்டாள். கழுவினேன் என்றார். எப்படிக் கழுவினாய், எங்கே கொட்டினாய் என்று போலீஸ் விசாரணை. கால் வலியோடு ஏன் அதைச் செய்தாய், அம்மா வரும்வரைக்கும் இருக்கக்கூடாதா என்று அதற்கும் ஒரு திட்டு. கடைசியில், காலையில் தாய்ப் பறவை வந்ததும் உடனே சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டு வைத்தாள். என்னோடு பேசவே இல்லை.

நான் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன். பாவம், என்னால் அவருக்கு இப்படி வசவு என்று நிமிர்ந்து பார்த்தால், மனுஷன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கல்யாணத்தன்று எடுத்த போட்டோவில்கூட அப்படிச் சிரித்ததில்லை.

"எப்புடித் திட்டுது பாத்தியா," என்றார். "ஒன்னையத் திட்டுற மாதிரியே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனேன்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் பெண் வரவில்லை. ஆண் தனியாகவே ஓடியது. கொட்டாங்கச்சிப் பக்கம் எறும்பு இல்லை, எங்கெங்கோ போய்க் கொண்டுவந்தது. மகள் காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, என் போனுக்கு அல்ல, நேராக அவர் போனுக்கே கூப்பிட்டாள். வந்துருச்சா? இல்ல பாப்பா. ஒழுங்காப் பாத்தியா? பாத்துக்கிட்டேதான் இருக்கேன். ஒவ்வொரு முறையும் ஒரு திட்டு. அன்று ராத்திரி எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. அந்தப் பறவை எந்தப் புதரில் கிடக்கிறதோ என்று நினைப்பு. பறவை செத்துவிட்டால் மகள் அவரை உண்மையாகவே வெறுத்துவிடுவாளோ என்று அடுத்த நினைப்பு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

புதன்கிழமை காலை ஏழேகால் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போன் அடித்தது. அவர்தான். வந்துருச்சு என்றார். கறுப்பு நெற்றி, வெள்ளைப் புள்ளி, அதேதான். இரண்டு நாள் எங்கே கிடந்து தேறியதோ, அந்த மாதாவுக்குத்தான் தெரியும். நான் கூட்டத்துக்கு நடுவில் நின்றபடி அழுதுவிட்டேன். சீட்டில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா பதறிப்போய், யாருக்கும்மா ஒடம்பு சரியில்ல என்று கேட்டார். இல்லங்க, நல்லாயிட்டாங்க என்றேன். அவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

நிம்மதி வந்தது, ஆனால் மனசு உறுத்துவது போகவில்லை. புனித வாரம் பிறந்தது. ஈஸ்டருக்கு முன்னால், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய ஆவூர் மாதா கோயிலுக்குப் போனேன். எல்லோரும் எட்டு வருடக் கோபத்தையும் பங்காளிச் சண்டையையும் சுமந்துகொண்டு வரிசையில் நிற்கிறார்கள், நான் எறும்புப் பொடியோடு நிற்கிறேன். சாமியார் பொறுமையாகக் கேட்டார். பறவை செத்துவிட்டதா என்றார். இல்லை சாமி. பின்னே என்ன பாவம் என்றார். பொய் சொன்னது அவர், பழியைச் சுமக்கிறவரும் அவர், அதில் சந்தோஷப்படுகிறவரும் அவர், நான்தான் நடுவில் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்டது. சிரிப்பை அடக்கினாரோ என்னவோ. மாதாவுக்கு மூன்று அருள் நிறைந்த மந்திரமும், மகளிடம் உண்மையைச் சொல்வதும் எனக்கு அபராதம்.

வீட்டுக்கு வந்து அதை அவரிடம் சொன்னேன். அவர் பதறிப்போனார்.

"சும்மா கெட புள்ள. அது எனக்குன்னு கெடச்ச திட்டு. நீ தெனமும்தான் வாங்குற. ஒண்ணு எங்கிட்ட இருந்துட்டுப் போகட்டும்."

சாமியார் சொன்னதைச் செய்வதா, இவர் சொன்னதைக் கேட்பதா? மந்திரத்தை மட்டும் மூன்றுக்கு முப்பதாகச் சொல்லிவைத்தேன்.

பெரிய வியாழனன்று காலை குஞ்சுகள் பறந்துவிட்டன. முதல் குஞ்சு பொந்து வாசலில் அரை மணி நேரம் தலையை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, வேலியோரத்து வேப்பமரத்துக்கு ஒரே தாவல். இரண்டாவதுக்கு அந்தத் தயக்கம்கூட இல்லை. தாயும் தகப்பனும் அங்கிருந்து கூப்பிட, நான்கும் சேர்ந்து கண்மாய்ப் பக்கம் போய்விட்டன. கோயிலுக்குப் போவதற்காக நான் வேலைக்கு லீவு போட்டிருந்ததால் பார்க்கக் கிடைத்தது. வீடியோ எடுத்து முடித்ததும் அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெறும் பொந்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை மகள் ஈஸ்டருக்கு வருகிறாள்.

"பாப்பா வந்து இனிமே என்னத்தப் பாக்கும்," என்றார். அவர் கேட்டது பறவையைப் பற்றி அல்ல என்பது எனக்குத் தெரிந்தது.

வந்தாள். பையை வைத்த கையோடு கொல்லைக்குப் போய், இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். எது எந்தப் பக்கம் உட்காரும், எங்கிருந்து பறந்தது என்று கேட்டாள். அவர் வெறும் மரத்தைக் காட்டிக் காட்டிச் சொன்னார். சனிக்கிழமை மதியம் அவர் தூங்கும்போது, சமையலறையில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இதைவிட்டால் நேரம் கிடைக்காது. கதவைச் சாத்திவிட்டு, பொடி போட்டது நான்தான் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவள் நிமிரக்கூட இல்லை.

"தெரியும்மா."

"எப்புடித் தெரியும்?"

"சீனி டப்பா எங்கருக்குன்னே தெரியாத ஆளு, பொடி டப்பாவக் கண்டுபுடிச்சுட்டாராக்கும். வீடியோவுல வட்டத்தப் பாத்தேனே. என் கட்டில் காலச் சுத்திப் போடுவியே, அதே வட்டம்."

"பின்ன ஏண்டி அப்பாவ அந்தத் திட்டுத் திட்டுன?"

வெங்காயத்தைக் கீழே வைத்தாள். கண்ணில் தண்ணீர். வெங்காயத்துக்கு வந்ததா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமாகத் தெரியாது.

"திட்டணும்னு எனக்கு ரொம்ப நாளா இருந்துச்சும்மா. திட்டுற அளவுக்கு அவர் எங்கிட்ட ஒண்ணுமே செஞ்சதில்ல. அன்னைக்கு அவராவே வந்து நின்னாரு, திட்டிட்டேன்." முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியும்னு அப்பாகிட்ட சொல்லிராதம்மா" என்றாள்.

நல்ல கூத்து. அப்பனுக்கு மகளிடம் சொல்லக்கூடாது, மகளுக்கு அப்பனிடம் சொல்லக்கூடாது. பாவம் செய்தவள் நான் ஒருத்தி, மன்னிக்க ஒரு ஆளைக்கூட விட்டுவைக்கவில்லை இரண்டு பேரும். நான் வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தேன். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது.

ஈஸ்டர் முடிந்து ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ்ஸில் அவள் பெங்களூர் போனாள். திங்கட்கிழமை சாயங்காலம் இவர் கொல்லையில் நாற்காலியைப் போடவில்லை. கூடத்தில் டி.வி.யைப் பார்த்தபடி இருந்தார். எட்டு மணியிலிருந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும், பார்க்காத மாதிரி திரும்புவதுமாக இருந்தார். கொல்லையில் பறவை இல்லை, கேட்பதற்கு ஒன்றும் இல்லை. எனக்கும் திக்கென்றுதான் இருந்தது.

எட்டரைக்கு என் போன் அடித்தது. எடுத்து, போய்ச் சேந்துட்டியாடி, சாப்பிட்டியா என்று நான் ஆரம்பித்தேன்.

"சாப்பிட்டேன்மா. அப்பாகிட்ட குடு."

கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். நான் சமையலறைக்குப் போய் ரசத்தைத் தாளித்தேன், அப்பளம் பொரித்தேன், இரண்டு தட்டை எடுத்து வைத்தேன், சோறு ஆறிப்போனது. காலுக்குப் பயிற்சி செய்யவில்லை என்று அங்கே திட்டு விழுந்துகொண்டிருந்தது போலிருக்கிறது. ஆமா பாப்பா, என் தப்புதான், என் தப்புதான் என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வது உள்ளே வரை கேட்டது. சாப்பிட வாங்க என்று நான் கூப்பிடவில்லை.